சிறு சங்கங்களுக்கு மாதம் ஒரு கணக்கு ஆலோசனை நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டுவது எப்படி, நிர்வாகத்தைச் செம்மையாக நடத்துவது எப்படி என்று வழிகாட்டும் கட்டுரைகளும் பயிலரங்குகளும் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றன. அவை வரவேற்கத்தக்கவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, பெருநகரத்தில் அலுவலகம் வைத்து, சம்பளத்துக்கு ஆட்களை அமர்த்தி, ஆண்டுக்குச் சில கோடி ரூபாய் கையாளும் நிறுவனங்களை மனத்தில் கொண்டு சொல்லப்படுகின்றன. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இயங்கும் படிப்பகங்கள், கல்வி உதவிச் சங்கங்கள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் பாலியேட்டிவ் குழுக்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பகல்நேர மையங்கள் ஆகியவற்றின் பொருளாளர்களுக்கு அந்த ஆலோசனையால் பெரிய பயன் விளைவதில்லை. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இத்தகைய சங்கங்களின் கணக்குகளை எழுதவும் சரிபார்க்கவும் உதவி வருபவன் என்ற முறையில், இவற்றுக்கென்றே மாவட்டத்தில் மாதம் ஒரு நாள் இலவச ஆலோசனை நாள் ஒன்றை நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

கொடுக்கும் மனம் இந்த மண்ணில் குறைந்ததில்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். சோறு வடிக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வாரக் கடைசியில் பொதுக் காரியத்துக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் இருந்தது. கடற்கரை ஊர்களில் பிடித்துவந்த மீனின் விலையில் ஒரு பங்கு ஊர்ப் பொதுவுக்குப் போனது. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி, ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம், அய்யாவழி வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்களில் அன்னதர்மம் என்று ஒவ்வொரு சமுதாயமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது, இன்றும் வைத்திருக்கிறது. நாடே அறிந்த எடுத்துக்காட்டு நம் கடலுக்குள்ளேயே நிற்கிறது. விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்காக ஏக்நாத் ரானடே நிதி திரட்டியபோது, மாநில அரசுகளிடமும் செல்வந்தர்களிடமும் கேட்டதோடு நிற்காமல், சாதாரண மக்களிடம் ஒரு ரூபாய் முதல் நன்கொடை பெற்றார். 1970 செப்டம்பர் 2-ஆம் நாள் அன்றைய குடியரசுத் தலைவர் வி.வி.கிரி திறந்து வைத்த அந்த மண்டபத்தில், ஒரு ரூபாய் கொடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு. பெருந்தொகை கொடுப்பவர் நால்வரைத் தேடுவதைவிடச் சிறுதொகை கொடுப்பவர் பல்லாயிரம் பேரைச் சேர்ப்பது ஒரு நிறுவனத்தை நெடுங்காலம் நிற்கவைக்கும் என்று நிதி திரட்டும் துறையினர் இன்று சொல்வதை, அந்த மனிதர் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே செய்து காட்டிவிட்டார்.

வசூலை மட்டும் நம்பியிராமல் தானே சம்பாதிக்கும் வழியும் இங்கே புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய மார்த்தா மால்ட் அம்மையார், அவர்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அதன் விற்பனை வருவாயைக் கொண்டே பள்ளியைத் தாங்கினார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் நிறுவிய கிராமப் புனரமைப்பு மையம் தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் மக்களிடம் கொண்டு சென்றது. தன் காலில் தான் நிற்பது, அதற்கு அருகிலேயே இருந்து துணைசெய்யும் நிபுணரின் ஆலோசனை என்பதே அவர் வகுத்துக்கொண்ட கொள்கை. மார்த்தாண்டம் தேன் இன்றும் ஊர்ப் பெயரோடு விற்பனையாவது அந்தக் கொள்கையின் பலன். நிபுணர் அருகிலேயே இருக்க வேண்டும் என்ற அந்தப் பகுதிதான் இன்று நம் சங்கங்களுக்கு இல்லாமல் போயிருக்கிறது.

இதனால் என்ன நேர்கிறது என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். விளவங்கோடு வட்டத்தில் ஏழை மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும் சங்கம் ஒன்றின் பொருளாளர், அவ்வாண்டுக்கான ஆவணங்கள் அனைத்தையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மூன்று ரசீது புத்தகங்கள் இருந்தன. மூன்றும் வெவ்வேறு அச்சகங்களில் அடிக்கப்பட்டவை, மூன்றிலும் வரிசை எண் ஒன்றிலிருந்தே தொடங்கியது. அடிக்கட்டைகளைப் புரட்டினால், ஒன்றில் 'துபாய் - 10,000' என்று மட்டும் எழுதியிருந்தது. கொடுத்தவரின் பெயரில்லை, முகவரியில்லை, பான் எண்ணில்லை. இன்னொன்றில் 'பேக்கரி - 500'. வங்கிப் பாஸ்புக்கில் கடைசியாக வரவு வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. காசோலையில் கூட்டுக் கையொப்பமிட வேண்டிய செயலாளர் காலமாகிவிட்டார், புதியவரைத் தேர்ந்தெடுத்த தீர்மானம் எழுதப்படவில்லை, ஆகவே வங்கி பணம் கொடுக்க மறுத்துவிட்டது என்றார் பொருளாளர். அதற்குப்பின் வந்த பணமெல்லாம் அவர் வீட்டுப் பீரோவில்தான் இருந்தது. ஒரு காசுகூட அவர் எடுத்தவர் அல்லர் என்பதை ஊரே அறியும், கட்டணம் கட்டிய மாணவர்களின் கல்லூரி ரசீதுகள் அத்தனையும் அதே பையில் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஆனால் அவருக்குப்பின் பொறுப்புக்கு வருகிறவருக்கு இந்தப் பையைக் கொண்டு எதையும் மெய்ப்பிக்க இயலாது.

நேர்மையான மனிதர் ஒருவர் தம் நேர்மையை மெய்ப்பிக்க வழியில்லாமல் நிற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. இத்தகைய சங்கங்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது நிதி திரட்டும் உத்தி எதுவுமன்று. ஒரே தொடர் எண் கொண்ட ரசீது புத்தகம், அதை யாரிடம் எப்போது கொடுத்தோம் என்று குறிக்கும் ஒரு பதிவேடு, அன்றன்றே எழுதப்படும் ரொக்கப் புத்தகம், ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர், மூன்று நாளுக்குமேல் கையில் பணம் வைத்திருக்கக் கூடாது என்ற தீர்மானம், இவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். வசூலிப்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்ற விதியை மட்டும் கடைப்பிடித்தாலே, பின்னாளில் எழும் சந்தேகங்களில் பெரும்பகுதி எழாது.

அடுத்து வரி தொடர்பானது. நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி சான்றிதழைச் சங்கம் பெற்றுவிட்டால் நன்கொடை தானாக வரும் என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. அச்சான்றிதழ் ஒரு பொறுப்பையும் உடன் கொண்டுவருகிறது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின்படி, 80ஜி பெற்ற நிறுவனம் நிதியாண்டில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர், முகவரி, அடையாள எண், தொகை ஆகியவற்றை 10பிடி என்ற படிவத்தில் மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், அதிலிருந்து உருவாகும் 10பிஇ சான்றிதழைக் கொடுத்தவரிடம் சேர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் விதிக்கப்படும். 'துபாய் - 10,000' என்ற அடிக்கட்டையைக் கொண்டு அந்தப் படிவத்தை நிரப்ப முடியாது என்பது வெளிப்படை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி விலக்கு கிடையாது, ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலவழித்தால் அது நோக்கத்துக்கான செலவாக ஏற்கப்படுவதில்லை என்பவையும் ஊர்ப்புறச் சங்கங்கள் பலவற்றுக்குத் தெரிவதில்லை.

கொடுப்பவரின் பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை அறச் சங்கங்களுக்கு வேறொரு வகையிலும் இடர் தரும். அத்தகைய தொகை ஆண்டின் மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றுள் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 விழுக்காடு வரி உண்டு. கடைகளில் உண்டியல் வைக்கும் குழுக்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்ற விதியை எண்ணி அஞ்சி, மார்ச் மாதக் கடைசியில் தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவிக்கும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்தாண்டு வரை சேர்த்து வைக்க அச்சட்டத்திலேயே இடமிருந்தது. நிர்வாகக் குழு தீர்மானித்து, உரிய படிவத்தில் காலத்தோடு தெரிவித்தால் போதுமானதாக இருந்தது. கட்டடத்துக்கென்று ஒருவர் பெருந்தொகை கொடுத்தால், அது மூலதன நிதிக்கு உரியது என்று அவரிடமே எழுத்தில் வாங்கி, தனியாக முதலீடு செய்து வைக்க வேண்டும். எழுதி வாங்காத தொகை அந்த ஆண்டின் வருமானமாகவே கொள்ளப்படும்.

பதிவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும், முன்பு ஒருமுறை பெற்ற 12ஏ பதிவு காலத்துக்கும் செல்லும் என்ற நிலை 2021-உடன் முடிந்துவிட்டது. அவ்வாண்டு மறுபதிவு பெற்ற பழைய சங்கங்களுக்கு ஐந்தாண்டுக்கே பதிவு கிடைத்தது. புதிய சங்கங்களுக்கு முதலில் மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு. 2025-ஆம் ஆண்டுத் திருத்தம், முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத நிறுவனங்களுக்கு இப்பதிவைப் பத்தாண்டுக்குப் பெற வழிசெய்திருப்பது சிறு சங்கங்களுக்குப் பெரும் ஆறுதல். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வரும் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 நடைமுறை நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நமக்குப் பழகிய பிரிவு எண்களும் அதனால் மாறுகின்றன. இம்மாற்றங்களைக் கைபிடித்துச் சொல்லித்தர ஒருவர் இல்லையென்றால், நாற்பதாண்டு பழைமையான படிப்பகம் ஒன்று தேதியைத் தவறவிட்ட ஒரே காரணத்தால் வரிவிலக்கை இழக்கக்கூடும்.

இத்தனைக்கும் இடையில், 80ஜி என்ற ஈர்ப்பு மங்கி வருகிறது என்பதை நிதி திரட்டுவோர் இன்னும் முழுமையாக உணரவில்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜி விலக்கு கிடையாது. 2023-24 முதல் அந்த முறையே இயல்பான முறையாக ஆக்கப்பட்டிருப்பதால், மாதச் சம்பளக்காரர்களில் பலர் அதற்கு மாறிவிட்டனர். ஆகவே 'வரி மிச்சமாகும், கொடுங்கள்' என்று ஓர் ஆசிரியரிடமோ மின்வாரிய ஊழியரிடமோ கேட்டால் இனி அது எடுபடாது. அவர் கொடுத்த பணம் எந்தப் பிள்ளையின் எந்தப் பருவத் தேர்வுக் கட்டணமாயிற்று என்று சொல்ல முடிந்தால் அவர் மீண்டும் கொடுப்பார். வரிச் சலுகைக்காகக் கொடுத்தவர் சலுகை போனவுடன் நிறுத்துவார், நம்பிக் கொடுத்தவர் நிறுத்தமாட்டார் என்பது என் அனுபவத்தில் உறுதியான உண்மை.

இனி, வெளிநாட்டுப் பணம். நம் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பாத ஊர் அரிது. ஊர்ச் சங்கத்துக்கு முதலில் கைகொடுப்பவர்களும் அவர்களே. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அனைத்தும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும் என்று அஞ்சி, அவர்களிடம் பணம் வாங்கவே தயங்கும் சங்கங்கள் ஒருபுறம். எதையும் விசாரிக்காமல், கேட்காமல் வாங்கிக்கொள்ளும் சங்கங்கள் மறுபுறம். இரண்டுமே சரியன்று. 2010-ஆம் ஆண்டின் அச்சட்டம் பார்ப்பது கொடுப்பவரின் குடியுரிமையை. இந்தியக் கடவுச்சீட்டோடு மஸ்கட்டிலோ தோகாவிலோ வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய கடவுச்சீட்டு நகல் ஒன்றை வாங்கி ரசீதின் அடிக்கட்டையோடு வைத்துக்கொள்வது சங்கத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் அவருடைய தம்பி அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், அவர் நாகர்கோவிலில் பிறந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், விடுமுறைக்கு வந்தபோது இந்திய ரூபாயாகவே கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். உரிய பதிவில்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. ஒரே வீட்டின் அண்ணனிடம் வாங்கலாம், தம்பியிடம் வாங்க இயலாது என்ற இந்த வேறுபாட்டைப் பொருளாளர் அறிந்திருப்பது, வெளிநாட்டு நிதி பற்றிய பத்துப் பயிலரங்குகளைவிட அவருக்குப் பயன்படும்.

அந்தப் பதிவைப் பெறலாமே என்று கேட்கலாம். குறைந்தது மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் நோக்கத்துக்கென 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் முதலில் பணம் வந்து சேர வேண்டிய கணக்கு புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெரிய நிறுவனம் ஒன்று தான் பெற்ற வெளிநாட்டு நிதியிலிருந்து சிறிய சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பழைய வழியும் அடைக்கப்பட்டுவிட்டது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் எளிதில் எட்டுவதில்லை, ஏனென்றால் தொழிற்கூடம் இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் வழிகாட்டல், நம் மாவட்டத்தில் பெருந்தொழில்கள் குறைவு. எனவே இந்த இரு கதவுகளின் முன் நின்று காலத்தைக் கழிக்கச் சொல்லும் ஆலோசனை, சிறு சங்கங்களுக்குச் செய்யும் நன்மையைவிடத் தீங்கே அதிகம் என்று கருதுகிறேன். கட்டணம் வாங்கிக்கொண்டு திட்ட அறிக்கை எழுதித் தருவோரிடம் சங்கத்தின் ஓராண்டுச் சந்தாவைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நிர்வாகிகளைக் காணும்போது இக்கருத்து வலுப்படுகிறது.

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? நம் எல்லையைத் தாண்டிக் கேரளத்தைப் பார்க்கலாம். மலப்புறம் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி வளர்ந்த பாலியேட்டிவ் அமைப்பு, அக்கம்பக்கத்தார் மாதந்தோறும் கொடுக்கும் சிறுதொகையையே தன் முதுகெலும்பாகக் கொண்டது. கடைக்காரரும் ஓட்டுநரும் மாணவரும் கொடுத்த பத்து ரூபாயும் இருபது ரூபாயும் சேர்ந்து செவிலியரின் சம்பளமாகவும் மருந்தாகவும் ஆயின. நம் ஊராட்சி ஒன்றில் 300 வீடுகள் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் மாதம் 30,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். ஒரு செவிலியரை அமர்த்தி, வாடகை வண்டி வைத்து, வாரத்தில் சில நாள் வீடுகளுக்குச் சென்றுவர இத்தொகையைக் கொண்டு தொடங்கிவிடலாம். ஒரே நாளில் ஒரு லட்சம் கொடுக்கும் புரவலர் அடுத்த ஆண்டு வேறொன்றுக்குக் கொடுப்பார். மாதம் 100 ரூபாய் கொடுக்கும் வீட்டுக்கு, அது தன் சங்கம் என்ற உரிமை வந்துவிடுகிறது, கேள்வி கேட்கும் துணிவும் வந்துவிடுகிறது.

மாத வசூல் என்று முடிவெடுத்தபின் நம் மாவட்டத்தின் பருவங்களையும் அறிந்திருக்க வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலங்களும் அமைந்திருப்பதால், சின்னமுட்டத்துக்கும் குளச்சலுக்கும் ஒரே மாதத்தில் ஒரே எதிர்பார்ப்போடு போக முடியாது. மேற்கே ரப்பர் பகுதிகளில் பெருமழை நாள்களில் பால்வெட்டு நின்றுவிடும், இலையுதிர் காலத்தில் பால் குறையும். கையில் காசில்லாத மாதத்தில் ரசீது புத்தகத்தோடு வாசலில் நிற்பவரைக் கொடுக்க மனமுள்ளவரும் தவிர்க்கத் தொடங்குவார், பிறகு நல்ல மாதத்திலும் கதவு திறக்காது. இது எந்த வழிகாட்டி நூலிலும் இருக்காது, ஊரறிந்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

இப்போது கைபேசி வழி நன்கொடை எல்லா இடத்திலும் பரவிவிட்டது. அது நல்லதே, ஏனென்றால் அனுப்பியதற்கான தடம் தானாகவே பதிவாகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் வேண்டுகோள்களில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், பலவற்றில் சங்கத்தின் பெயருக்குப் பதிலாகச் செயலாளரின் சொந்தப் பெயர் தோன்றுகிறது. அவசரத்துக்கு அப்படிச் செய்தோம் என்பார்கள். சங்கப் பணம் தனிநபர் கணக்குக்குள் ஒருமுறை போய்விட்டால் அதைப் பிரித்துக் காட்டுவது கடினம், வரித்துறைக்கும் அது அவருடைய வரவாகத்தான் தெரியும். சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே கியூஆர் குறியீடு வாங்கிக்கொள்ள எந்தத் தடையுமில்லை. கொடுப்பவர்களும் பணம் அனுப்பும் முன் திரையில் தோன்றும் பெயரைப் படித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேண்டுகோள்களில் நோயாளியின் முகத்தையும் பிள்ளைகளின் கண்ணீரையும் படமெடுத்துப் போடுவது பெருகி வருவதும் கவலை தருகிறது. நம் ஊர்கள் சிறியவை. உதவி பெற்ற மாணவியின் படம் ஊர் முழுக்கச் சுற்றினால், அவள் வகுப்பிலும் பேருந்திலும் அந்தப் படத்தோடுதான் வாழ வேண்டியிருக்கும். படம் இல்லாமல், பெயர் சொல்லாமல், தேவை இன்னது, தொகை இவ்வளவு, இந்நாளில் இவ்விடத்தில் கட்டப்பட்டது என்று எழுதியே நிதி திரட்டிவரும் சங்கங்கள் இம்மாவட்டத்தில் இருக்கின்றன, அவற்றுக்கு வரவு குறைந்துவிடவில்லை.

நிர்வாகச் செலவு பற்றி நன்கொடையாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 'நான் கொடுத்த நூறு ரூபாயும் ஏழைக்கே போய்ச் சேர வேண்டும்' என்று விரும்புவது இயல்பு. ஆனால் கணக்கு எழுதுபவருக்கு மாதம் ஐயாயிரம் கொடுக்கக் கூடாது, ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுக்கக் கூடாது, செவிலியருக்குப் பேருந்துக் கட்டணம் மட்டும் போதும் என்று அந்த விருப்பம் நீளும்போது, சங்கம் உள்ளுக்குள் உளுத்துப்போகிறது. வீடு வீடாகச் சென்று புண்ணைக் கழுவிக் கட்டும் பெண்ணுக்கு உரிய சம்பளம் கொடுப்பதும் அந்த அறப்பணியே. எவ்வளவு நிர்வாகச் செலவு, எதற்காக என்று ஆண்டுக் கணக்கில் வெளிப்படையாக எழுதிவிட்டால் கேள்வி கேட்பவருக்கும் விடை கிடைத்துவிடும். மூன்று மாதச் செலவுக்கு ஈடான தொகையைக் கையிருப்பாக வைத்திருப்பதும் பதுக்கல் ஆகாது. அது இல்லாத சங்கம், ஒரு புரவலர் நிறுத்தியவுடன் நோயாளியைப் பாதியில் கைவிட நேரும்.

பேரிடர்க் காலத்து நிதி தனியாகக் கவனிக்கத்தக்கது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலுக்குப் பின்னும் நம் கடற்கரைக்கு எங்கெங்கிருந்தோ உதவி வந்தது. அந்த நாள்களில் பணம் சேர்ப்பது எளிது, கணக்கு வைப்பது கடினம். மீனவக் குடும்பங்களுக்கென்று வாங்கிய தொகையை, மிச்சமிருக்கிறது என்பதற்காக வேறு பணிக்கு மாற்றுவதற்குக் கொடுத்தவரின் இசைவு வேண்டும். ஒரு பேரிடருக்கு வாங்கும் நிதிக்குத் தனிப் பேரேடும், இயன்றால் தனி வங்கிக் கணக்கும் வைத்து, பணி முடிந்ததும் வரவு செலவை ஊர் முன் படித்துக் கணக்கை முடிப்பதே முறை. அடுத்த புயலுக்கு முன்பே இதைச் சங்கங்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும், புயலன்று சொல்ல நேரமிருக்காது.

சங்க அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவுபெற்ற சங்கம், ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கை ஒப்புதல் பெற்று, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். மேலே சொன்ன மஞ்சள் பைக்காரரின் இடரெல்லாம் இந்த ஒன்றைச் செய்யாததால் வந்தது. தொடர்ந்து தாக்கல் செய்யாத சங்கத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. நிறுவியவரின் மனைவி, மகன், மைத்துனர் என்று குழு முழுவதும் ஒரே குடும்பமாக இருப்பதைச் சட்டம் தடுக்காத இடத்திலும் நன்கொடையாளர் ஐயுறுவார். ஊரிலிருந்து வெளியார் இருவரையாவது, அவர்களுள் ஒரு பெண்ணையாவது, கையொப்ப அதிகாரத்தோடு குழுவில் சேர்ப்பது நல்லது.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையன்று, ஒரு மாதம் நாகர்கோவிலிலும் மறுமாதம் மார்த்தாண்டத்திலுமாக மாறி மாறி, காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை சிறு சங்கங்களுக்கான ஆலோசனை நாள் நடைபெற வேண்டும். மூன்று மேசைகள் போதும். ஒன்றில் ரொக்கப் புத்தகம், ரசீது, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பார்க்க ஓய்வு பெற்ற வங்கி, கருவூல ஊழியர்கள் இருவர். இன்னொன்றில் வரிப் பதிவு, படிவங்கள் குறித்துச் சொல்ல ஆடிட்டர் ஒருவர். மூன்றாவதில் பதிவுத் துறையிலிருந்து ஓர் அலுவலர். மாவட்ட நிர்வாகம் ஒரு கூடத்தையும், பதிவுத் துறை ஓர் அலுவலரின் ஒருநாள் நேரத்தையும் தந்தால் மற்றவற்றைத் தன்னார்வலர்களே பார்த்துக்கொள்ள இயலும். மாவட்டத்தின் கல்லூரிகளில் வணிகவியல் பயிலும் மாணவர்களை இதில் ஈடுபடுத்தினால், பாடத்தில் படித்த இரட்டைப் பதிவு முறையை உண்மையான பேரேட்டில் எழுதிப் பழக அவர்களுக்கும் வாய்ப்பாகும். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு மாணவர் என்று ஓராண்டுக்கு இணைத்துவிட்டால், மார்ச் மாதத்துக் கடைசி நேரப் பதற்றம் பெருமளவு குறையும்.

வருகிறவர்கள் ரசீது புத்தகங்கள், பாஸ்புக், தீர்மானப் புத்தகம், பதிவுச் சான்றிதழ், பான் அட்டை, முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கை இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை எடுத்து வந்தால் போதுமானது. எழுதப்படாத புத்தகத்தோடு வருகிறவரையும் குறைசொல்லாமல் அமரவைத்து, அன்றே முதல் பக்கத்தை எழுதத் தொடங்கிக் கொடுக்க வேண்டும். முன்னெடுப்பவர்கள் யாராயினும் முதல் மேசையில் அமர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலரும் இசைந்திருக்கிறார்கள். மாவட்ட ஆட்சித் தலைவரும் பதிவுத் துறையும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும், நாளும் இடமும் முடிவானால் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அதை மாதந்தோறும் அறிவிப்பாக வெளியிட வேண்டும் என்றும் பணிவுடன் வேண்டுகிறேன். நடப்பு நிதியாண்டுக் கணக்கு முடியும் மார்ச் 31-க்கு முன் முதல் கூட்டம் நடந்துவிடுமானால், மே மாதம் நன்கொடை விவரம் தாக்கல் செய்ய வேண்டிய சங்கங்களுக்கு விடுபட்ட பெயர்களையும் பான் எண்களையும் கேட்டு வாங்க இரண்டு மாத கால இடைவெளி கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.